எவ்வளவு போனால் தாங்கும்? சொந்தத் தொழில் தொடங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். கையில் சம்பள வேலை இருக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், நாலைந்து வருஷமாக மனசுக்குள் சுமந்துகொண்டிருக்கும் ஒரு யோசனையும் இருக்கும். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கான்னு தெரியலைண்ணே."

நான் திருச்சியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். எட்டு வருஷமாக இதுதான் தொழில். அதற்கு முன் ஒன்பது வருஷம் மாதச் சம்பளம். இந்த எட்டு வருஷத்தில் பழகிய சின்ன முதலாளிகளில் பயந்த சுபாவக்காரர்கள்தான் அதிகம். பில் புத்தகத்தை இரண்டு தடவை சரிபார்க்கிறவர்கள், ராத்திரி எழுந்துபோய் கிரைண்டர் சுவிட்சைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். துணிச்சலுக்குப் பேர்போன சிலரும் எனக்குப் பழக்கம்தான். அதில் இரண்டு பேர் வீட்டை விற்றுவிட்டு இப்போது ஊரிலேயே இல்லை. அதனால் துணிச்சலைப் பற்றி யாராவது கேட்டால் நான் பதிலுக்கு வேறு ஒன்றைக் கேட்பேன். இதில் எவ்வளவு போனால் உங்கள் வீடு தாங்கும்?

கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். நல்ல காரியம் தொடங்கும்போது போவதைப் பற்றிப் பேசலாமா என்று நினைப்பார்கள். ஆனால் பேசத்தான் வேண்டும். தொழில்முனைவோர் மனநிலை என்று சொல்கிறார்களே, அதில் பாதி இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. மீதிப் பாதி, வரவேண்டிய பணம் வராத நாட்களில் நிதானமாக இருப்பது. இந்த இரண்டையும் என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

வருவதை எண்ணுவதும் போவதை எண்ணுவதும்

கடனுக்காக பேங்குக்குப் போனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கேட்பார்கள். ஆடிட்டர் ஒருவர் எழுதிக் கொடுப்பார். முதல் வருஷம் இவ்வளவு விற்பனை, இரண்டாம் வருஷம் இவ்வளவு, ஐந்தாம் வருஷம் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பேங்குக்கு அது வேண்டும், கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் ஊகம்தான் என்பது எழுதினவருக்கும் தெரியும், வாங்கி வைக்கிற அதிகாரிக்கும் தெரியும். இன்னும் ஒரு பாக்கெட்கூட விற்காதவர் மூன்றாம் வருஷ விற்பனையை எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் உங்கள் சேமிப்புக் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது, பீரோவில் எத்தனை பவுன் இருக்கிறது, மாதம் எவ்வளவு இருந்தால் அடுப்பு எரியும் என்பதெல்லாம் ஊகம் இல்லை. இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிடலாம்.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர் ஒருவர் இருக்கிறார். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன சரஸ் சரஸ்வதி. அனுபவம் வாய்ந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முடிவெடுக்கச் சொன்னார். அதிலிருந்து கண்டதை 2001இல் கட்டுரையாக எழுதினார். எவ்வளவு லாபம் வரும் என்று முன்கூட்டியே கணித்து அதற்கேற்ப முதல் போடுவது இவர்களிடம் குறைவாக இருந்தது. எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்று பார்த்து, அந்த அளவுக்குள் முதல் அடியை வைத்து, நடப்பதைப் பார்த்து அடுத்த அடியை வைக்கிற பழக்கம் இருந்தது. தமிழில் இதைத் தாங்கக்கூடிய இழப்பு என்று சொல்லலாம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் "அகலக்கால் வைக்காதே" என்பார்களே, அதுதானே இது என்று கேட்கலாம். ரொம்பப் பக்கம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெரியவர்கள் அதைச் சொல்வது பெரும்பாலும் நம்மைத் தடுப்பதற்கு. இந்தக் கணக்கோ தொடங்குவதற்கு வழி கொடுக்கிறது. மூன்று லட்சம் போனால் தாங்கும் என்று எழுதிவிட்டால் அந்த மூன்று லட்சத்துக்குள் நீங்கள் பயமில்லாமல் விளையாடலாம், அதைத் தொடும்போது கை நடுங்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பெரிய கம்பெனிகளின் தொடக்கத்தைப் பாருங்கள். அருண் ஐஸ்கிரீம், ஆரோக்யா பால் என்று இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிகிற ஹட்சன் நிறுவனத்தை ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில் 13,000 ரூபாயோடு தொடங்கினார். குச்சி ஐஸ்தான் முதல் சரக்கு. சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து 15,000 ரூபாயில் கடலூரில் சிக் ஷாம்பூ போட ஆரம்பித்தார். அன்றைய மதிப்பில் அவை சின்னத் தொகை இல்லை, ஆனால் போனால் ஆளையே முடித்துவிடுகிற தொகையும் இல்லை. ரங்கநாதனின் சரக்கில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒரு பாட்டில் ஷாம்பூ வாங்கி அது ஒத்துக்கொள்ளாவிட்டால் கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு அது பெரிய நஷ்டம். பாக்கெட்டாகச் சில்லறைக் காசுக்கு வாங்கினால் பிடிக்காவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். வாங்குகிறவருக்கும் தாங்கக்கூடிய இழப்பு என்று ஒன்று இருக்கிறது. புதுச் சரக்கை அந்த அளவில் கொடுத்தால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நான் அரைக்கிலோ மாவுப் பாக்கெட் போட ஆரம்பித்தது இதை யோசித்த பிறகுதான்.

இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. திரும்பி வந்தவர்களின் கதை மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. அதே 1970இல் அதே 13,000 ரூபாயோடு தொடங்கி மூடிவிட்டுப் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. "நகையெல்லாம் அடகு வைத்து, எல்லாவற்றையும் பணயம் வைத்து ஜெயித்தார்" என்று மேடையில் சொல்லக் கேட்டால், அப்படிப் பணயம் வைத்துத் தோற்றவர் அந்த மேடைக்கு வர முடியாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் எழுத வேண்டும்

நானும் என் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினோம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, அவள் சம்பளத்தில் வீடு ஓடும் என்பதுதான் எங்களுக்கு இருந்த பலம். முதலில் தொடவே கூடாதவை: அவள் நகை, அப்பா கட்டிய வீட்டுப் பத்திரம், ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம், பையனின் ஸ்கூல் ஃபீஸ். அப்புறம் போனால் போகட்டும் என்று ஒதுக்குகிற தொகை: 3 லட்சம். அதற்குக் கீழே காலம்: 18 மாதம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியலாம். ஆனால் பதினான்காவது மாதம் நான் நிலை தடுமாறி நின்றபோது பிடித்து நிறுத்தியது அந்தத் தாள்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பணத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காலமும் இழப்புதான். இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வேலைக்குப் போனால் எந்தச் சம்பளத்தில் எடுப்பார்கள், உங்கள் துறையில் அந்த இடைவெளி பரவாயில்லையா என்று முன்பே விசாரித்து வையுங்கள். சில துறைகளில் அது பெரிய விஷயமே இல்லை, சிலதில் கதவு மூடிவிடும். அப்புறம் பலர் மறந்துவிடுகிற ஒன்று, கம்பெனி கொடுத்துவந்த மருத்துவக் காப்பீடு வேலையை விட்ட அன்றே போய்விடும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனியாக எடுத்துவிடுங்கள். பேங்கில் ஏதாவது கடன் வாங்க வேண்டியிருந்தாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள், வெளியே வந்தபின் முதல் இரண்டு வருஷம் பேங்குகள் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

இன்னொன்று பேர், உறவு. இதற்கு விலை போட முடியாது, ஆனால் இதுதான் சிலருக்கு முதலில் போகிறது. கோவை அருணாசலம் முருகானந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான சானிட்டரி நாப்கின் செய்கிற இயந்திரத்தைக் கண்டுபிடிக்கப் போய், அந்த ஆராய்ச்சியைச் சுற்றியிருந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு, மனைவி பிரிந்து போனார், அம்மாவும் வீட்டைவிட்டுப் போனார். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கிற செல்லுலோஸ் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு வருஷக்கணக்கில் ஆனது. மனைவி பிற்பாடு திரும்பி வந்தார், 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, நாட்டுக்கே நல்லது நடந்தது. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த நடுவில் இருந்த வருஷங்களை நான் தாங்கியிருக்க மாட்டேன். என் தாளில் "வீட்டில் பேச்சுவார்த்தை நின்றால் தொழில் நிற்கும்" என்று ஒரு வரி இருந்தது. உங்களுக்கு எது போகக் கூடாது என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

லாபம் இருக்கிறது, காசு எங்கே?

சரி, கணக்குப் போட்டாயிற்று, தொடங்கியும் ஆயிற்று. இனிதான் சம்பளக்காரராக இருந்த நமக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத இடம் வருகிறது. ஒன்பது வருஷம் எனக்கு ஒன்றாம் தேதி என்றால் பணம். மாதம் முழுக்க எப்படி வேலை பார்த்திருந்தாலும் ஒன்றாம் தேதி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் உடம்பே ஊறியிருந்தது. தொழிலில் வேலை முடிந்த நாளும் பணம் வருகிற நாளும் வேறு வேறு. இந்த இடைவெளிதான் புதியவர்களைச் சாய்க்கிறது.

என் தொழிலையே வைத்துக் காட்டுகிறேன். விலையெல்லாம் புரிவதற்காக முழு எண்ணாகப் போட்டிருக்கிறேன், உங்கள் ஊரில் மாறும். ஒரு கிலோ மாவுப் பாக்கெட்டைக் கடைக்கு 42 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 34 ரூபாய் செலவு. பாக்கெட்டுக்கு 8 ரூபாய் நிற்கிறது. நாளைக்கு 150 பாக்கெட் போட்டால் 1,200 ரூபாய், மாதம் 36,000. நோட்டில் எழுதிப் பார்த்தால் சம்பளத்துக்கு ஈடாகிவிட்டது, சந்தோஷம்.

இப்போது கடைக்காரர் "பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பில் செட்டில் பண்ணிடுறேன் தம்பி" என்கிறார். புதுச் சரக்கு, கடையில் வைத்துக்கொள்வதே பெரிய விஷயம், நீங்களும் சரி என்கிறீர்கள். நாளைக்கு 5,100 ரூபாய் வீதம் பதினைந்து நாளில் உங்கள் கையிலிருந்து 76,500 ரூபாய் போயிருக்கும். திரும்ப ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. நோட்டில் 18,000 லாபம், பர்ஸில் பெட்ரோலுக்குக் காசு இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. லாபத்தோடு ஓடுகிற கடை காசில்லாமல் மூடப்படுவது இப்படித்தான்.

இதோடு ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. விற்காத பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், எங்கள் தொழிலில் அது வழக்கம். 150இல் 15 திரும்பி வந்தால் பத்து சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: 135 பாக்கெட்டுக்கு 5,670 ரூபாய் வரும், செலவு அதே 5,100. நிற்பது 570. பத்து சதவீத ரிட்டர்ன் லாபத்தில் பாதிக்குமேல் தின்றுவிட்டது. எனக்கு முதல் சித்திரையில் இது புரிந்தது. வெயிலில் மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்து, கவர் ஊதி, சாயங்காலம் வண்டியில் திரும்பி வந்த பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டு நின்ற நாட்கள் இன்றைக்கும் வலிக்கின்றன. அன்றிலிருந்து கடைக்குக் கொஞ்சம் குறைவாகவே போடுகிறேன், "மாவு இல்லையா" என்று நாலு பேர் கேட்டுவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். 150ஐ 300 ஆக்கினால் இன்னொரு 76,500 ரூபாய் கடைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆர்டர் இரட்டிப்பாகிறதே என்று மகிழ்ந்து, அந்த மாதமே அரிசி வாங்கக் காசில்லாமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளர்ச்சிக்கும் முதல் வேண்டும், அதுவும் அதே தாங்கக்கூடிய இழப்புக் கணக்குக்குள் வர வேண்டும். தொழில்காரர்கள் பேச்சில் எந்நேரமும் 'ரொட்டேஷன்', அதாவது போட்ட காசு திரும்பி வந்து மறுபடி சரக்காவது, என்ற சொல் வந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இடைவெளியைக் குறைக்க வழிகள் உண்டு. காந்தி மார்க்கெட்டில் நான் அரிசி வாங்குகிற மண்டிக்காரர் முதல் ஆறு மாதம் ரொக்கம் கொடுத்தால்தான் மூட்டையைத் தொடவிடுவார். சொன்ன நாளில் தவறாமல் போய் நின்றதைப் பார்த்துவிட்டு ஏழாம் மாதம் அவரே பத்து நாள் தவணை கொடுத்தார். கடைகள் எனக்குப் பதினைந்து நாள், மண்டி எனக்குப் பத்து நாள், ஆக என் கையிலிருந்து ஐந்து நாள் அரிசிக் காசு போட்டால் போதும். அந்தப் பத்து நாள் தவணை எனக்கு எந்த பேங்க் கடனையும்விடப் பெரிது. இன்னொரு வழி, ரொக்கமாக வாங்குகிறவர்களைத் தேடுவது. ஹாஸ்டல், மெஸ், அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு என்று விலை கொஞ்சம் குறைத்தாலும் அன்றன்றைக்குக் காசு வருகிற இடங்கள்.

பாக்கி கேட்கும் கூச்சம்

தொழிலில் எனக்கு எது கடினமாக இருந்தது என்று கேட்டால், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பதையோ மூட்டை தூக்குவதையோ சொல்ல மாட்டேன். கொடுக்க வேண்டியவரிடம் போய் "அண்ணாச்சி, அந்த பில்லு..." என்று வாயைத் திறப்பதுதான். நம் வளர்ப்பில் பணத்தைக் கேட்பது அநாகரிகம். நம் காசையே கேட்டாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையில் வாடிக்கையாளர்கள் நிற்பார்கள், அவர் "நாளைக்கு வாங்க தம்பி" என்பார், நாம் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுவோம்.

இதற்கு நான் கண்ட மருந்து, சரக்கைப் போடும் முதல் நாளே பணம் வாங்குகிற நாளைப் பேசி, பில்லில் எழுதிவிடுவது. "ஒண்ணாம் தேதியும் பதினாறாம் தேதியும் வருவேண்ணே, நீங்க இல்லாட்டி கடையில யாருகிட்ட வாங்கிக்கட்டும்?" என்று அன்றைக்கே கேட்டுவிட்டால் அப்புறம் கேட்பது உறுத்தாது. கடைக்காரரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவரும் உங்கள் பணத்தில்தான் ரொட்டேஷன் பண்ணுகிறார், அவரிடமும் தெருவே கடன் சொல்லி வாங்கிப் போயிருக்கும். யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவருக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வராதவருக்கு அடுத்த வாரம்.

பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு போடுகிறவர்களின் நிலை வேறு. அங்கே 90 நாள், 120 நாள் என்று இழுக்கிறார்கள். இதற்குச் சட்டம் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2006ஆம் வருஷத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவரிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வராத பணத்துக்கு மத்திய அரசு இதற்கென்றே வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். இதற்கெல்லாம் அடிப்படை உத்யம் எனப்படும் சிறு தொழில் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற இடைத்தரகர்களிடம் போகாதீர்கள்.

ஆனாலும் புகார் கொடுப்பவர்கள் குறைவு, காரணம் எளிது: அடுத்த ஆர்டர் போய்விடும். என் நண்பர் ஒருவர், திருவெறும்பூர்ப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர், ஒரே கம்பெனிக்குத்தான் வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஐந்து மாதம் பில்லை நிறுத்திவைத்தபோது சட்டம் அவர் பக்கம் இருந்தும் வாய் திறக்க முடியவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் அலைந்து நாலு கம்பெனி பிடித்தார். இப்போது ஒருவர் இழுத்தால் அவரால் கேட்க முடிகிறது. ஒரே ஆளிடம் பாதிக்குமேல் வியாபாரம் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்கு இணையான பாதுகாப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

அவசரக் காசு

இடைவெளி நெருக்கும்போது கடைவாசலிலேயே தண்டல்காரர் நிற்பார். எந்தப் பேப்பரும் கேட்க மாட்டார், பத்து நிமிஷத்தில் பணம். வழக்கமான கணக்கு: 10,000 ரூபாய்க் கடன், கையில் கொடுப்பது 9,000, நாளைக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐம்பதாம் நாளில் பாதிப் பணம் அவரிடமே போயிருக்கும். சராசரியாக உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால் வருஷத்துக்கு எண்பது சதவீதத்தைத் தொடுகிறது. இந்த வட்டியைத் தாங்குகிற லாபம் மாவில் இல்லை, பெரும்பாலான சின்னத் தொழிலில் இல்லை. தினவட்டி, மீட்டர்வட்டிக் கொடுமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மாட்டிக்கொண்டவர்கள் போலீசுக்குப் போகத் தயங்க வேண்டாம்.

பேங்க் பக்கம் 2015லிருந்து முத்ரா கடன் இருக்கிறது. அடமானம் இல்லாமல் 50,000 வரை ஒரு பிரிவு, 5 லட்சம் வரை, 10 லட்சம் வரை என்று மேலே போகிறது. பத்து லட்சம் வரை வாங்கி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு இப்போது 20 லட்சம் வரையும் உண்டு. மாநில அரசின் திட்டங்களுக்கு உங்கள் ஊர் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய் உட்காருங்கள், அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது எந்த வீடியோவைவிடவும் மேல். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மூலதன மானியம் இருக்கிறது. ஆனால் மானியத்தைக் கைக்காசாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள். உதாரணத்துக்கு மத்திய அரசின் பிரதமர் வேலை உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை மூன்று வருஷம் பேங்கிலேயே வைப்பாக இருக்கும், அதற்குப் பிறகுதான் கடனில் கழிக்கப்படும். முதல் மாத அரிசிக்கு அது உதவாது. எந்தத் தொழிலுக்கு மானியம் அதிகம் என்று பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளை காலை மூன்று மணிக்கு எழுந்து அந்த வேலையைச் செய்யப்போவது நீங்கள்தானே.

கடன் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்து, விற்பனைப் பணம் முழுக்க அதன் வழியாகப் போய்வரட்டும். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையை உங்களுக்கே சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அது எட்டாயிரமாக இருந்தாலும் சரி. கல்லாவிலிருந்து காய்கறிக்கும், வீட்டுக் கணக்கிலிருந்து உளுந்துக்கும் மாறி மாறி எடுத்தால் மூன்று மாதத்தில் தொழில் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும். நான் அப்படி நாலு மாதம் ஓட்டியிருக்கிறேன், அந்த நாலு மாதத்தில் நடந்தது என்ன என்று இன்றுவரை எனக்குக் கணக்கு இல்லை.

பதினான்காவது மாதம்

மனசைப் பற்றிக் கொஞ்சம். தொழில் தொடங்கியவர் தனியாள் ஆகிவிடுகிறார். பழைய ஆபீஸ் நண்பர்கள் சம்பள உயர்வு பற்றிப் பேசுவார்கள், கல்யாண வீட்டில் "இப்ப என்ன பண்றீங்க" என்று கேட்பார்கள், மாவு என்றால் ஒரு நொடி மௌனம் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போன கிரைண்டர் ஆள் திரும்ப வர மாட்டார். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று மறைப்போம். மறைக்கிற நாளிலிருந்துதான் தப்பான முடிவுகள் எடுக்க ஆரம்பிப்போம். ஒரே தொழில் செய்கிற, ஆனால் போட்டியில் இல்லாத ஒருவரை வேறு ஊரில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கரூரில் ஒருவர் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு தடவை பேசுவோம், அரிசி விலையில் தொடங்கி எங்கெங்கோ போகும்.

எனக்குப் பதினான்காவது மாதம் 3 லட்சத்தில் 2 லட்சத்து 70 ஆயிரம் போயிருந்தது. முப்பத்தொரு கடைகள், பாதிக் கடைகளில் பாக்கி. அந்த நேரத்தில் ஒரு சொந்தக்காரர் ஐந்து லட்சம் தருகிறேன், பெரிய கிரைண்டர் போடு, ஸ்ரீரங்கம் முழுக்கப் பிடித்துவிடலாம் என்றார். எனக்கு அன்றைக்கு அது கடவுள் அனுப்பிய உதவியாகத் தெரிந்தது. ராத்திரி அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு மனைவி கேட்டாள், "மிச்சம் முப்பதாயிரம் இருக்கு, நாலு மாசம் இருக்கு. இதுக்குள்ள என்ன மாத்திப் பாக்கலாம்?" அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் முப்பத்தொரு கடைகளின் நோட்டையும் எடுத்து ரிட்டர்ன், பாக்கி இரண்டையும் கடைவாரியாக எழுதினோம். பதினேழு கடைகள் எங்களுக்கு நஷ்டத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. பாக்கியை வாங்கிக்கொண்டு, சண்டை போடாமல், அந்தக் கடைகளை விட்டோம். மிச்ச நேரத்தில் மூன்று லேடீஸ் ஹாஸ்டலும் ஒரு மெஸ்ஸும் பிடித்தோம், அன்றன்றைக்குக் காசு. நாளைக்கு 160 பாக்கெட்டிலிருந்து 110க்கு இறங்கினோம், பதினேழாவது மாதம் முதல்முறையாக என் சம்பளத்தை எடுத்த பிறகும் கணக்கில் பணம் மிஞ்சியது. 18 மாதமும் தாண்டி எதுவும் மாறாமல் இருந்திருந்தால் மூடியிருப்போம். மூடியிருந்தால் நகை இருந்திருக்கும், வீடு இருந்திருக்கும், நான் திரும்ப ஒரு வேலைக்குப் போயிருப்பேன், ஒருவேளை நாலு வருஷம் கழித்து இன்னொன்றைத் தொடங்கியிருப்பேன்.

அந்தத் தாள் இன்னும் பேரேட்டுக்குள் இருக்கிறது. போன தை மாதம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தோம், குளிர்சாதன வசதியுள்ள ஒரு சின்ன வண்டிக்காக. 4 லட்சம், 10 மாதம், நகை தொடக் கூடாது, கீழே இரண்டு கையெழுத்து.